எல்லாவற்றையும் தானே பார்த்தவர்

தன் கடைவாய்ப் பல்லைத் தானே பிடுங்கிக்கொண்ட ஒருவரை எனக்குத் தெரியும். குறடு ஒன்றைக் கொதிநீரில் போட்டு எடுத்து, வேனின் பக்கக் கண்ணாடியைத் தன் முகத்துக்கு நேரே திருப்பி வைத்து, அதில் பார்த்துப் பிடுங்கினார். அலுவலகத்துக்குப் புறப்பட்ட நான் வாசல் கேற்றடியில் அப்படியே நின்றுவிட்டேன்.

"என்ன காக்கா, ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே?"

அவர் இரத்தத்தை மணலில் துப்பி, காலால் மணலைத் தள்ளி மூடினார்.

"அவங்க வேற பல்லப் புடுங்கிட்டா? நோகிறது எதெண்டு எனக்குத்தானே தெரியும்."

கிழக்கிலங்கையின் சாய்ந்தமருதில், கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் எங்கள் வீடு. எதிர் வளவு அவருடையது. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுவேன். பழைய வெள்ளை வேன் ஒன்றை வைத்துக் காலையில் வயல்பக்கத்துப் பாடசாலைகளுக்கு ஆசிரியர்களை ஏற்றிப் போவார். பகலில் கலியாணம், நோயாளி, விமான நிலையம் என்று எந்த ஹயர் வந்தாலும் ஓடுவார். அவருடைய பெயரை எழுத எனக்குத் துணிவில்லை. அவர் மகள் இதே ஊரில்தான் இருக்கிறாள்.

தலைமுடியையும் அவரேதான் வெட்டிக்கொள்வார். இரண்டு கண்ணாடிகளை முன்னும் பின்னும் சாத்தி வைத்துக்கொண்டு வெட்டுவார். பின்பக்கம் எப்போதும் கொஞ்சம் சரிந்திருக்கும். யாராவது சொன்னால், "எனக்கு அது தெரியிறல்ல, பாக்கிற ஒங்களுக்குத்தானே கஷ்டம்" என்பார். ஒரு மாரிக் காலையில் அவருடைய வேன் கடற்கரை வீதியில் சேற்று மணலில் புதைந்துவிட்டது. தள்ளிவிடலாம் என்று ஆறேழு பேர் போனோம். "நீங்க போங்க, நானே பாக்கிறன்" என்றார். நாங்கள் பள்ளிவாசல் மதிலில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டு நின்றோம். பலகைத் துண்டால் நாலு சில்லுகளுக்கும் வழி தோண்டி, தென்னோலை அடுக்கி, பின்னேரம் அஸர் தொழுகைக்குச் சற்று முன்னால் வேனை வெளியே எடுத்தார். எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். தள்ளியிருந்தால் ஐந்து நிமிடம்.

மகளின் நிக்காஹ் அன்று நடந்தது இன்னும் ஊரில் பேச்சு. பதிவாளர் வந்தாயிற்று, மாப்பிள்ளை வந்தாயிற்று, பெண்ணின் வாப்பாவைக் காணவில்லை. அவர் சம்மதம் சொல்லாமல் நிக்காஹ் நடக்காது. தேடிப் பார்த்தால் கூரைமேல் இருக்கிறார். பந்தலுக்கு வெளிச்சம் போட வந்த ஆள் வயரை ஒழுங்காகச் சுற்றவில்லையாம், அவிழ்த்துத் தானே சுற்றிக்கொண்டிருக்கிறார். வியர்த்த சட்டையோடு இறங்கி வந்துதான் மகளைக் கைப்பிடித்துக் கொடுத்தார்.

அடுத்தவர் வேலை என்றால் அழைக்காமலே வந்துவிடுவார். என் கிணற்று மோட்டாரைப் பலமுறை திருத்தித் தந்தவர் அவர்தான். வேலை முடியாமல் தேத்தண்ணீரைத் தொடமாட்டார். ஆனால் அவருடைய வேலையில் நாங்கள் ஒரு கை வைத்தால் முகம் மாறிவிடும். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்தபோது அவருடைய தம்பி குடும்பத்தோடு போய்விட்டார், அதற்குப் பிறகுதான் இவர் யாரையும் நம்பாதவராகிவிட்டார் என்று சிலர் சொல்வார்கள். அவருடைய மனைவி அதை ஒத்துக்கொள்ளமாட்டார்.

"சும்மா கதைக்கிறாங்க தம்பி. இந்த மனிசன் கலியாணத்தண்டே இப்பிடித்தான். என்ட தங்கச்சிமார் பாய் விரிக்க வந்ததுக்கு, வேணா நானே விரிக்கிறன் எண்டு சொன்ன ஆள்."

சொல்லிவிட்டு, அக்கா முறையில் நான் ராத்தா என்று கூப்பிடும் அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். மெலிந்த, வெற்றிலை போடும் பெண். ஒழுங்கையில் அவருடைய சிரிப்புத்தான் முதலில் கேட்கும், ஆள் பிறகுதான் தெரிவார்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குரியது. மகளின் கலியாணத்தோடு பெரிய வீட்டை அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவின் பின்பக்கம் இரண்டு அறைகள் கட்டிப் புருஷனும் மனைவியும் குடிபோனார்கள். கல் அறுத்தது, சுவர் வைத்தது, ஓடு போட்டது எல்லாம் அவர்தான். மருமகன் கட்டார் நாட்டில் வேலைக்குப் போயிருந்தார். ஒரே வளவில் மகளும் பெற்றோரும் நல்லபடியாகத்தான் இருந்தார்கள்.

பிறகு ராத்தாவுக்கு வருத்தம் வந்தது. கர்ப்பப்பையில். கொழும்பில் மெஷின் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். அதற்குத் திகதி கொடுத்தார்கள். உட்கார்ந்து பயணம் செய்ய அவரால் முடியாது. பஸ் சரிவராது. காக்கா வேனின் நடு சீட்டுகளைக் கழற்றிவிட்டு, மெத்தை போட்டு, தலைமாட்டில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் பொருத்தினார். முதல் தடவை அப்படித்தான் போய் வந்தார்கள்.

அது நாட்டில் ஒன்றுமே கிடைக்காத காலம். டீசல் இல்லை, கேஸ் இல்லை, பாதி நேரம் கரண்டும் இல்லை. இரண்டாவது திகதிக்கு ஒரு கிழமை இருக்கும்போது வேனின் வலது பின்சில்லிலிருந்து சத்தம் வரத் தொடங்கியது. ஓடும்போது மாவரைப்பது போல ஒரு கரகரப்பு. எனக்குக் கேட்கவே இல்லை. அவருக்கு முதல் நாளே கேட்டுவிட்டது.

"பெயாரிங் போய்ட்டு" என்றார்.

மகள் அப்போதே சொன்னாள். நான் கேற்றடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"வாப்பா, கராஜுக்குக் குடுங்க. உம்மாட விசயம். இதுல ஒங்கட பிடிவாதம் வேணா."

"கராஜ்ல பத்து நாள் கேக்கிறான் மகள். கரண்ட் வந்தாத்தான் பெயாரிங் அமுக்கிற பிரஸ் வேல செய்யுமாம். பத்து நாள் நமக்கிட்ட இரிக்கா?"

"அப்ப வேற வேன் பாப்பம்."

"டீசல் ஆருட்ட இரிக்கி? நான் மூணு நாள் வரிசையில நிண்டு எடுத்து வெச்சிரிக்கன். நானே செய்யிறன். ஒரு பகல் வேல."

பெயாரிங்குக்காக அக்கரைப்பற்று வரை சைக்கிளில் போனார். அட்டாளைச்சேனை, ஒலுவில் என்று வழியில் இருந்த கடை எல்லாவற்றிலும் ஏறி இறங்கி, கடைசியில் எண்ணெய்த் தாளில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தார். எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமும், பெயாரிங்கை இறுக்கும் இரும்பு வளையமும் கிடைத்தன. திகதிக்கு மூன்று நாள் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை காலை, வளவுக்குள் வேலையைத் தொடங்கினார். அரசாங்கம் வெள்ளிக்கிழமை லீவு கொடுத்திருந்த காலம். நான் வீட்டில் சும்மா இருந்தேன். கதிரையை எடுத்துக்கொண்டு போய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எங்கள் மணலில் வேனைத் தூக்கும் ஜக் புதைந்துவிடும் என்று அடியில் தடித்த பலகை வைத்தார். முன்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்தார். சில்லைக் கழற்றினார். உள்ளே இருந்த பிரேக் ட்ரம் கடல் உப்பில் இறுகிப்போய் அசையவில்லை. கோபப்படவில்லை, ட்ரம்மின் இரண்டு துளைகளில் போல்ட் போட்டு மாறி மாறி முறுக்க, அது தானாக விலகி வந்தது. அதன் பின்னால், சில்லைத் தாங்கும் அச்சான எக்ஸலைப் பிடித்துவைத்திருக்கும் நாலு நட்டுகள். அவற்றைக் கழற்றிவிட்டு, அதே ட்ரம்மைத் திருப்பிப் பொருத்திக் கைப்பிடியாக வைத்து இரண்டு இழுவை இழுத்தார். எக்ஸல் நீளமாக வெளியே வந்தது.

பழைய பெயாரிங்கை விரலால் சுற்றிக் காட்டினார். அப்போது எனக்கும் அந்தக் கரகரப்புக் கேட்டது.

அதை இறுக்கிப் பிடித்திருந்த இரும்பு வளையத்தை வெட்ட கிரைண்டருக்குக் கரண்ட் இல்லை. உளியால் வெட்டினார். ஒன்றரை மணி நேரம். பெயாரிங்கையும் அடித்துக் கழற்றினார். புதியதை இரும்புக் குழாய் ஒன்றால் சமமாகத் தட்டித் தட்டி இறக்கினார். புதிய இரும்பு வளையத்தை விறகடுப்பில் போட்டு, நீலம் பாயும்வரை காய்ச்சி, குறட்டால் பிடித்து எக்ஸலில் விட்டார். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. கழுத்தில் வியர்வை வழிய என்னைப் பார்த்தார். அன்று அந்த முகத்தில் ஒரு சந்தோசம் இருந்தது.

"இனிக் கொழும்புக்குப் போய் வரலாம். அவ சத்தமில்லாம நித்திர கொள்ளுவா."

ஜும்ஆவுக்குப் போய்வந்து எக்ஸலை உள்ளே செலுத்தினார். நாலு நட்டுகளையும் விரலால் ஏற்றிவிட்டு, ஸ்பானர் சாவியால் முதலாவதை இறுக்கினார். இரண்டாவதையும் இறுக்கினார். அப்போது பின்வீட்டிலிருந்து மகள் கத்தினாள்.

"வாப்பா! உம்மா மயங்கிட்டா!"

அவர் எழுந்து ஓடினார். இரண்டு அடி போய்த் திரும்பி, சாவியை என் மடியில் போட்டார்.

"தம்பி, அந்த ரெண்டையும் இறுக்கிரு."

இருபது வருடமாக அவருக்கு எதிர்வீட்டில் இருக்கிறேன். அவர் என்னிடம் செய்யச் சொன்ன முதல் வேலை அது.

நான் குந்தி உட்கார்ந்து மூன்றாவதில் சாவியைப் போட்டேன். இரண்டு சுற்று வந்திருக்கும். என் போன் அடித்தது. அலுவலக நண்பன். "கல்முனை செட்டுக்குப் பெற்றோல் பவுசர் வந்திரிக்கி, ஓடி வா" என்றான். என் மோட்டார் சைக்கிள் ஒன்பது நாளாகக் காய்ந்து கிடந்தது. எழுந்தேன். நாலாவதை விரலால் தொட்டுப் பார்த்தேன், ஆடாமல் இருந்தது போலத்தான் தெரிந்தது. அதற்குள் அவர் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார். ராத்தாவுக்கு மயக்கம் தெளிந்துவிட்டதாம்.

"இறுக்கினயா?"

"ஓம் காக்கா."

இல்லை என்று சொல்லியிருந்தால் ஐந்து நிமிட வேலை. சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு ஓடியிருக்கலாம், அவர் கோபித்திருக்கவும் மாட்டார். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தரம் என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். வரிசை நீண்டுவிடும் என்ற அவசரம். அவர் ஒப்படைத்ததை அரைகுறையாக விட்டேன் என்று சொல்ல வெட்கம். இவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருக்கும்.

அவர் ஒரு கணம் அந்த நட்டுகளின் பக்கம் பார்த்தார். தன் கையால் ஒருதரம் முறுக்கிப் பார்ப்பார் என்று நினைத்தேன். வேறு எந்த நாளிலும் பார்த்திருப்பார். அன்று மனம் பின்வீட்டில் இருந்தது. ட்ரம்மைத் தூக்கி மாட்டினார். நான் பெற்றோல் செட்டுக்கு ஓடினேன்.

மறுநாள் திகதி என்று ஞாயிறு காலை புறப்பட்டார்கள். மகளும் கூடப் போனாள். ராத்தா மெத்தையில் படுத்தபடி எனக்குக் கைகாட்டினார். அம்பாறை தாண்டி, காட்டு வழியில் பதியத்தலாவைக்கு முன்னால், சில்லுக்குள் ஏதோ கிலுகிலுத்தது. அவர் உடனே ஓரம் கட்டிவிட்டார். அதனால்தான் யாருக்கும் காயமில்லை. இறங்கிப் பார்த்தபோது வலது பின்சில்லு எக்ஸலோடு சேர்ந்து ஒரு சாண் வெளியே வந்து நின்றதாம். இரண்டு நட்டுகள் கழன்று ட்ரம்முக்குள் கிடந்தன. மற்ற இரண்டும் பாரம் தாங்காமல் தளர்ந்து, மரை சீவுப்பட்டுப் போயிருந்தன. எண்ணெய் முழுக்கப் பிரேக்கில் கொட்டியிருந்தது. அவரிடம் இருந்த எந்தச் சாமானாலும் அதை அங்கே திருத்த முடியவில்லை.

காலை ஒன்பது மணியிலிருந்து பின்னேரம் மூன்று மணிவரை அந்த வெயிலில் நின்றார்கள். அந்த நாட்களில் வீதியில் வாகனமே குறைவு, வந்தவையும் நிற்கவில்லை. மகள் தன் முந்தானையை வீசி வீசி நிறுத்தப் பார்த்திருக்கிறாள். கடைசியில் வயலிலிருந்து வந்த ஒரு சிங்கள விவசாயி தன் உழவு மெஷின் பெட்டியில் வைக்கோல் பரப்பி ராத்தாவை ஏற்றிக்கொண்டுபோய்ப் பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அங்கிருந்து அம்பாறைக்கு. கொழும்புத் திகதி போய்விட்டது. அடுத்த திகதிக்கு ஐந்து வாரம் இருந்தது.

ராத்தா நாலாவது வாரம் மௌத்தாகிவிட்டார்.

அந்தத் திகதிக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று எந்த டொக்டரும் சொல்லவில்லை. பிழைத்திருக்கமாட்டார் என்றும் சொல்லவில்லை. ஜனாஸா வீட்டில், அத்தனை பெண்களுக்கு நடுவில், மகள் வாப்பாவைப் பார்த்து ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"கராஜுக்குக் குடுங்க எண்டு சொன்னன்தானே?"

"ஓம் மகள். நான்தான் போட்டன். என்ட பிழை."

அதுதான் அவர்கள் இருவரும் கடைசியாகக் கதைத்தது.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்து எல்லோரும் போன பிறகு நான் பின்வீட்டுக்குப் போனேன். அவர் படியில் இருந்தார். சொல்லிவிட்டேன். போன் வந்தது, பெற்றோல், நான் சொன்ன பொய், எல்லாவற்றையும்.

அவர் நிமிரவில்லை.

"எனக்குத் தெரியும். ட்ரம்மக் கழட்டின ஒடனே தெரியும். நான் இறுக்கினது எது, நீ இறுக்கினது எதெண்டு தெரியாதா?"

"அப்ப ஏன் காக்கா சொல்லல்ல? நான் இப்பவே போய் மகளிட்ட..."

"போகாத."

அப்படி ஒரு குரலில் அவர் என்னோடு கதைத்ததில்லை.

"ஒன்ட பேச்ச நம்பினது ஆரு? பாக்காம விட்டது ஆரு? நீ இறுக்கல்ல, சரி. நான் பாக்கல்லியே. பல்லுக்கும் பாத்தன், மசிருக்கும் பாத்தன், அவட உசிருக்குப் பாக்கல்ல. இதுல ஒனக்குப் பங்கில்ல. அவ என்னோட கதைக்காம இரிக்கிறது எனக்குள்ளது. அத நீ எடுக்காத."

நான் அழுதேன். அவர் அழவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. என் பாவத்தையும் என்னிடமிருந்து பிடுங்கித் தன்னோடு வைத்துக்கொண்டார். உண்மையைச் சொன்னால் எனக்குச் சுமை குறைந்துவிட்டது என்பதையும் ஒளிக்கமாட்டேன். அவர் தடுத்துவிட்டார், நான் என்ன செய்வது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஒரு சாட்டுக் கிடைத்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை வருடம் சும்மா இருந்தேன்.

அந்த ஒன்றரை வருடமும் தினமும் பகல் சோற்றுக்கு வீட்டுக்கு வரும்போது நான் கண்ட காட்சி இது. மகள் ஒரு தட்டில் சோறும் கறியும் போட்டு, மூடி, கிணற்றுக் கட்டின்மேல் கொண்டுவந்து வைப்பாள். வாப்பா என்று கூப்பிடமாட்டாள். கிணற்றுக் கட்டை ஒருதரம் தட்டிவிட்டுத் திரும்பிவிடுவாள். அவர் வந்து எடுத்துப்போவார். கழுவிய தட்டைத் திரும்ப அங்கே வைப்பார். இருபது அடி தூரம். ஒருநாள் அவளுடைய துவைக்கும் கல் உடைந்திருந்ததைக் கண்டு, அவள் இல்லாத நேரத்தில் சீமெந்து குழைத்துப் பூசினார். மறுநாள் அவள் அந்தக் கல்லில் துவைக்கவில்லை. வாளியில் துவைத்தாள். அதைப் பார்த்துக்கொண்டு அவர் படியில் இருந்தார். வேனை விற்றுவிட்டார். குறடுகளையும் சாவிப் பெட்டியையும் யார் கேட்டாலும் கொடுத்தார். தலைமுடி வளர்ந்து காதை மூடியது.

ஒரு காலையில் நெஞ்சு நோவோடு தானே சைக்கிள் மிதித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். நோகிறது என்று யாரிடமும் சொல்லவில்லை. நம்பர் துண்டு எடுத்து, மற்றவர்களோடு வாங்கில் உட்கார்ந்து தன் முறைக்குக் காத்திருந்திருக்கிறார். பக்கத்தில் இருந்தவர் மீது சரிந்தபோதுதான் தெரிந்தது. நான் போவதற்குள் முடிந்துவிட்டது.

ஜனாஸாவை அடக்கிவிட்டு வந்த பின்னேரம் மகள் என்னைக் கூப்பிட்டனுப்பினாள். பெரிய வீட்டு விறாந்தையில் இருந்தாள். கண் வீங்கியிருந்தது. வாப்பாவுக்கு அன்றும் சோறு போட்டுவிட்டாளாம். தட்டு மூடியபடி அவள் பக்கத்தில் இருந்தது.

"சாச்சா, ஒண்டு கேக்கணும். நீங்க அண்டைக்கிப் பக்கத்துலதானே இரிந்தீங்க."

"ஓம் மகள்."

"வாப்பா வேலையில பிழ விடுற ஆளில்ல. ஊருக்கே தெரியும். ஒன்றர வருசம் யோசிச்சுப் பாத்துட்டன். அவர் சரியாத்தான் போட்டாரா?"

"சரியாத்தான் போட்டார் மகள். நான் கண்ணால கண்டன்."

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"அப்ப ஏன் சாச்சா கழண்டது?"

தடுக்க அவர் இல்லை. விறாந்தையில் வேறு யாரும் இல்லை. சொல்வதற்கு அதைவிட வசதியான ஒரு நேரம் எனக்கு இனி வரப்போவதில்லை.

"எனக்குத் தெரியா மகள்" என்றேன்.